உன் ‘இரு’, என் ‘இரு’

இன்று காலை அலமாரிக்கு மேலே பயணப்பெட்டியைத் தேடிக் கையை விட்டபோது, சுவர் ஏறும்போது கை வழுக்காமல் பூசிக்கொள்ள நீ இடுப்பில் கட்டும் மாவுப்பை நேராக என் தலையில் விழுந்தது. வாய் கட்டும் கயிறு எப்போதோ அவிழ்ந்திருக்கிறது. தலை, தோள், கறுப்பு நைட்டி, தரை என்று எங்கும் வெள்ளை. வெள்ளவத்தைக் கடற்காற்று எதையும் சும்மா விடாது என்பது உனக்குத் தெரியும். பாதி மாவு ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது. மீதிப் பாதி பழையபடி பறந்தது. அதை மணம் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்தக் காய்ந்த நெடி. தும்மிக்கொண்டே அழுதேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

பெட்டி எதற்கு என்று கேட்பாய். இந்த மாதக் கடைசியில் கோயம்புத்தூருக்குத் திரும்புகிறேன். கார்மென்ட் கம்பெனியில் என் நாலு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நாம் ஏறும் சுவரை நடத்தும் ரியாஸ் நானா மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டார்: “போறதுக்கு முந்தி ஒரு தரமாச்சும் வந்து ஏறிட்டுப் போங்க தங்கச்சி.” நான் பதில் போடவில்லை. பதினொரு மாதமாக அந்தச் சுவர் இருக்கும் தெருப்பக்கமே நான் போகவில்லை. உயரத்துக்குப் பயந்துவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். பயம்தான், ஆனால் உயரத்துக்கு இல்லை. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பயம். எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும். அந்தச் சொல்லால் நான் கடைசியில் என்ன செய்தேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் நான் விமானம் ஏறக் கூடாது.

கொழும்பை வெளிநாடு என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தில் இங்கே வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் விடலாம். “அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்?” என்று அம்மா சொல்லி அனுப்பினாள். கஷ்டமே அதில்தான் இருந்தது. சிங்களத்தில் ஒருவர் பேசினால் எனக்குப் புரியாது, புரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் பேசினால் புரிந்துவிட்டது என்று நம்பித் தலையாட்டிவிடுவேன். வந்து மூன்று மாதம், ஆபீஸ், இந்த நாலாம் மாடி ஃப்ளாட், ஜன்னலுக்குக் கீழே ஓடும் ரயில், இவ்வளவுதான் என் கொழும்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைத்தியம் பிடிக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கொட்டாஞ்சேனையில் எங்கள் சாம்பிள் பெட்டிகள் நனைந்துவிட்டன என்று போன் வந்தது. பார்க்கப் போனேன். எங்கள் குடோனுக்குப் பக்கத்து குடோனின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று மாடி உயரத்தில் இரண்டு கால்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. உன்னில் நான் முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தான். பிறகு உன் குரல் கேட்டது. “நானா, கயிறு சும்மா தொய்ஞ்சு கிடக்கு, நித்திரையே கொள்ளுறீங்கள்?” ஒரு நாற்பது வயதுப் பெண் கூரையில் தொங்கிக்கொண்டு கீழே நிற்கும் மனிதரைத் திட்டுவதை அதுவரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அந்த உயரமான சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பிடிகள். அவற்றைப் பற்றி ஏறுவதற்கென்றே கட்டிய சுவர். நனைந்த பெட்டிகளை மறந்துவிட்டு, நீ இறங்கும்வரை நின்றேன். இறங்கியதும் பக்கத்தில் வந்து, “உங்ககிட்ட கொஞ்சம் பேசணுங்க” என்றேன். உன் முகம் இறுகிவிட்டது.

“என்னத்துக்கு எனக்குப் பேசப் போறீங்கள்? நான் என்ன பிழை விட்டனான்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே கயிறு பிடித்து நின்ற ரியாஸ் நானாதான் (நானா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன்) சிரித்துக்கொண்டே வந்து விளக்கினார். உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது என்றால் ஏசுவதாம். சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று பெயராம். அன்றைக்கே உனக்கு நான் ‘இந்தியா’ ஆகிவிட்டேன். நம் இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்தபின் ‘நீங்கள்’ போய் ‘நீர்’ வந்தது. நான் முதல்முறை கயிற்றில் ஏறியபோது அதுவும் போய் நேராக ‘நீ’. உயரம் கூடக்கூட உன்னிடம் மரியாதை குறைந்துகொண்டே வந்தது.

அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் என் முன்னங்கை கடுக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஏறுகிறவளின் இடுப்புப் பட்டியில் கட்டிய கயிறு, மேலே இருக்கும் வளையத்துக்குள் புகுந்து, கீழே நிற்பவளின் இடுப்புக்கு வருகிறது. ஏறுகிறவள் மேலே போகப்போக, கீழே நிற்பவள் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். உச்சிக்குப் போனதும் ஏறியவள் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்காருவது போலப் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். கயிறு தாங்கும். கீழே நிற்பவள் மெல்ல இறக்குவாள். ஏறுவதைவிட அந்த உட்காருவதுதான் பெரிய வேலை. ஒன்றுமில்லாத இடத்தில், கீழே இருக்கிற ஒருத்தியை நம்பி, உட்கார வேண்டும்.

எப்படியோ உச்சிக்குப் போய்விட்டேன். கீழேயிருந்து நீ, “இரு! இரு!” என்று கத்தினாய்.

எங்கள் ஊரில் இரு என்றால் பொறு, கொஞ்சம் நில் என்று பொருள். சரி, கயிற்றில் ஏதோ சிக்கல், சரி செய்கிறாள், பொறுக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பொறுத்தேன். விரல் நுனிகள் எரிந்தன. முட்டி, தையல் மிசின் ஊசி மாதிரி படபடவென்று அடித்தது. நீ விடவில்லை. “இரு எண்டெல்லே சொல்லுறன்!”

“இருக்கேன்ல!” என்று கத்தினேன்.

“எங்க இருக்கிறாய்? பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்கிறாய்!”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறேன், இவள் பல்லி என்கிறாள். திருப்பித் திட்ட வாயைத் திறந்தேன், கை வழுக்கிவிட்டது. அரை ஆள் உயரம் விழுந்தேன், கயிறு பிடித்துக்கொண்டது. நான் தொங்கினேன். நீ கீழே நின்று, “ஆ, இப்ப இருக்கிறாய்” என்றாய். அப்போதுதான் விளங்கியது. உனக்கு இரு என்றால் உட்கார்.

இறங்கி வந்து உன்னோடு சண்டை போட்டேன். நீயும் விடவில்லை. “வீட்டுக்கு வாற ஆக்களை இருங்கோ எண்டுதானே சொல்லுறது? உட்கார் எண்டா அது பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லுறது” என்றாய். “எங்க ஊர்ல வீட்டுக்கு வர்றவங்களை இருங்கன்னு சொன்னா வாசல்லயே நிப்பாங்க” என்றேன். ரியாஸ் நானா இரண்டு கையையும் தூக்கி, “ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல கத்துங்க, எனக்குத் தலையிடி” என்றார். நமக்கு அது பிடிக்கவில்லை. பயத்தில் வாயில் முதலில் வருவது எதுவோ அதுதான் வேலைக்கு ஆகும் என்றாய் நீ. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். நீ எனக்குச் சொல்லும்போது என் ‘உட்காரு’. நான் உனக்குச் சொல்லும்போது, பொறு என்பதற்கு உன் ‘நில்லு’. ‘இரு’ என்ற சொல்லையே சுவரில் யாரும் தொடக் கூடாது. மாவுக் கையோடு கையடித்துக்கொண்டோம்.

இரண்டு வருடம் அந்த ஒப்பந்தம் நன்றாகத்தான் ஓடியது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீல் என்கிற ஆட்டோ பிடித்து வருவேன். துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கொடுக்கும் கம்பெனியில் உனக்கு வேலை, பக்கத்திலேயே தங்கையோடு வீடு. ஆனாலும் நீதான் எப்போதும் பிந்தி வருவாய். ஏறி இறங்கியதும் முனைக் கடையில், “அய்யே, தே தெகக்” என்று சிங்களத்தில் இரண்டு தேநீர் சொல்வாய். நான் சீனியில்லாமல் என்று சொல்வதற்குள் சீனி போட்டு வந்துவிடும். எனக்குக் கொழும்பு ஊராகியது அந்தக் கடை வாசலில்தான். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நம் இரண்டு பேருக்கும் வாயைத் திறந்தால் வம்புதான் வரும்.

அந்த மூன்றாம் வருட ஞாயிறு. நீ அன்று வழக்கத்தைவிடப் பிந்தி வந்தாய், முகம் சரியில்லை. “ஏன் லேட்?” என்றேன். “சும்மா.” “சும்மான்னா?” “சும்மா எண்டா சும்மா.” பிறகு பட்டியை மாட்டிக்கொண்டே, “அடுத்த மாசத்தில இருந்து கொஞ்ச நாளைக்கு நான் வரமாட்டன்” என்றாய். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. காரணம்கூடச் சொல்லாமல் வரமாட்டேன் என்றால் நான் யார், கயிறு பிடிக்க வந்த கூலியா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், அதே வார்த்தையில்.

நீ ‘8’ வடிவில் வரும் எட்டு முடிச்சைப் போட ஆரம்பித்தாய். முதலில் கயிற்றில் ஒரு எட்டு. நுனியைப் பட்டியின் வளையத்துக்குள் விட்டு, அந்த எட்டு போன வழியிலேயே திரும்பக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். நுனியை வளையத்துக்குள் விட்டாய். அப்போது உன் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசினாய். “ஓம்… ஓம் டொக்டர்… விளங்குது” என்று மட்டும் என் காதில் விழுந்தது. எனக்கு அது விளங்கவில்லை. கோபத்தில் இருப்பவளுக்கு எது விளங்கும்? நீ போனை வைத்துவிட்டு நேராகச் சுவருக்குப் போனாய்.

“ஒருத்தர்ட முடிச்ச மத்தவங்க பாக்கோணும்.” ரியாஸ் நானா அங்கே வருகிற எல்லாருக்கும் போட்ட முதல் சட்டம் இதுதான். இரண்டு வருடம் ஒருநாள் தவறாமல் உன் முடிச்சை நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். அன்று பார்க்கவில்லை. உன் முகத்தையே பார்க்கக் கூடாது என்று இருந்தேன், இடுப்பை எங்கே பார்ப்பது?

நீ ஏறினாய். நீ அப்படி வேகமாக ஏறி நான் பார்த்ததே இல்லை. சுவரோடு ஏதோ கணக்குத் தீர்ப்பது போல ஏறினாய். நான் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தேன், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. உச்சியைத் தொட்டுவிட்டாய் என்று கயிறு நின்றதில் தெரிந்தது. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

உன் இடுப்பிலிருந்து கயிற்றின் நுனி ஒரு முழ நீளத்துக்குத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

முடித்த முடிச்சில் அப்படித் தொங்காது. நுனி வளையத்துக்குள் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. நீ பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் உன் எடையில் அது சரசரவென்று உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கீழே சிமெண்டுத் தரையில் இரண்டு விரற்கடை ரப்பர் பாய். உன் வலது கை ஏற்கெனவே பிடியை விட்டுவிட்டது. இடுப்பு பின்னால் வரத் தொடங்கிவிட்டது.

நான் கத்தினேன். “இரு! இரு! இரு!”

ஒப்பந்தம், கையடித்தது, ‘நில்லு’, எல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் அம்மா எனக்குச் சொல்லித் தந்த சொல்தான் வந்தது. உன் தமிழில் அதற்கு உட்கார் என்று பொருள். கொலை செய்வதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. வேறு சொல் தேடினேன், வாயில் எச்சில்கூட இல்லை.

நீ உட்காரவில்லை. விட்ட கை அந்தரத்தில் அப்படியே நின்றது. தலையைத் திருப்பிக் கீழே என்னைப் பார்த்தாய். அவ்வளவு உயரத்திலிருந்தும் உன் கண் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், தெரிந்தது. பிறகு அந்தக் கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பிடியில் வைத்தாய்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. “நில்லு! நில்லு! முடிச்சு! முடிச்சு போடல!” ரியாஸ் நானா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். சுவருக்குப் பின்னாலுள்ள இரும்பு ஏணியில் அவருடைய செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. “பயப்பட வாணாம், பயப்பட வாணாம்” என்று அவர் சொன்னது உனக்கா, எனக்கா, அவருக்கேதானா, தெரியவில்லை. என் கையில் இருந்த கயிறு எதற்கும் உதவாத கயிறு என்று தெரிந்தும் அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, உள்ளங்கையில் அழுந்தப் பிடித்துக்கொண்டே நின்றேன். உன்னிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. “நில்லு, நிக்கிறியா, நில்லு” என்று உன் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். “நிக்கிறன், கத்தாதை” என்றாய் ஒருதரம். அவர் உச்சியில் எட்டிப் பார்த்து, தன் கையிலிருந்த வார்ப்பட்டியை உன் பட்டியில் கொளுவி, ‘டிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தரையில் விழுந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது.

முனைக் கடையில் இரண்டு பேருக்கும் கோப்பையைத் தூக்க முடியவில்லை. உன் கை களைப்பில், என் கை பயத்தில். நான் மன்னிப்புக் கேட்டேன், முடிச்சைப் பார்க்காததற்கு, கூலி என்று சொன்னதற்கு. பிறகு கேட்டேன், “நான் ‘இரு’ன்னு கத்தினப்ப நீ ஏன் இருக்கல?”

நீ யோசிக்கவே இல்லை. “குரல் உன்ரை. அப்ப சொல்லும் உன்ரைதானே.” தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாய், “ஆரின்ரை வாயில இருந்து வருது எண்டு பாக்கோணும் இந்தியா. சொல்லை மட்டும் கேட்டா நான் இப்ப நிலத்தில.”

அதற்குப் பிறகுதான் போனில் டாக்டர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னாய். வயிற்றில் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். தங்கைக்கு இன்னும் தெரியாது என்றாய். நான் அழுதேன். “ஏன் அழுறாய், இண்டைக்கு ஒருதரம் தப்பினனான், இன்னொருதரமும் தப்புவன்” என்று எனக்குப் பேசினாய். உன் தமிழில், பேசினாய்.

இனி நான் சொல்ல வந்தது.

எட்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பார்வையாளர் நேரம். உன் தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மருந்து வாங்கக் கீழே போகத் தயாராக நின்றாள். நான் உன் கால்மாட்டில் நின்றேன். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது, உன் கைகள் மட்டும் அப்படியே இருந்தன. சுவரில் ஏறிய காய்ப்பு விரல்களில் இன்னும் போகவில்லை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உதடு அசைந்தது.

“இரு” என்றாய்.

களைப்பாக இருக்கிறாள், கொஞ்சம் தூங்கிவிட்டுக் கதைக்கலாம், பொறு என்கிறாள் என்று நினைத்தேன். “சரி, இருக்கேன்” என்று சொன்னேன். உன்னைத் தூங்க விட வேண்டுமே என்று அறையைவிட்டு வெளியே போனேன். வராந்தாவில் ஜன்னல் ஓரமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நான் உனக்காகப் பொறுத்திருப்பதாக, எவ்வளவு நல்லவளாக இருக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து எல்லாரையும் அனுப்பியபோது எட்டிப் பார்த்தேன். உன் கண் மூடியிருந்தது. நாளைக்கு வரலாம் என்று பஸ் ஏறினேன். மறுநாள் விடிந்ததும் உன் தங்கை போன் செய்தாள்.

நீ போன முப்பத்தோராம் நாள் உன் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். எல்லாரும் போன பிறகு தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். “ஒண்டு கேக்கோணும், குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு அக்கா உங்களை இருக்கச் சொன்னவ. நான் கதிரையும் போட்டனான். ‘இருக்கேன்’ எண்டு சொல்லிப்போட்டு ஏன் வெளிய போனீங்கள்?”

அவளே தொடர்ந்தாள்.

“நான் மருந்தோட வர அக்கா கதிரையைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவ. ‘அவ இருக்கேல்லையோ’ எண்டு கேட்டவ.”

அது கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அந்த உயரத்தில், ஒரு கையை விட்டுவிட்டு, பாதி விழுந்துகொண்டிருந்த நேரத்தில், நீ என் வாயைப் பார்த்து என் சொல்லை என் சொல்லாகக் கேட்டாய். நான் இரண்டு காலும் தரையில் ஊன்றி, ஒரு அவசரமும் இல்லாமல், பக்கத்தில் நாற்காலி கண்ணெதிரே கிடக்க, உன் சொல்லை என் சொல்லாகக் கேட்டேன். மூன்று வருடம் உன் ஊரில் இருந்தும் அப்படிக் கேட்டேன். நீ பக்கத்தில் உட்காரச் சொன்னாய். இருக்கேன் என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். எனக்கு அது ஆறவில்லை. ஆறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆறவில்லை.

இவ்வளவும் காலையில் எழுதியது. எழுதி முடித்துக் குளிக்கப் போனவள், குளிக்காமல், உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, அந்த மாவுத் தலையோடேயே பஸ் ஏறிவிட்டேன். கோட்டை தாண்டும் வரை பக்கத்து சீட்டுப் பெண் என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரியாஸ் நானா என்னைக் கண்டதும் கயிற்றை எடுத்து வந்தார். சுவரில் பிடிகளை மாற்றிவிட்டிருந்தார், நீ ஏறிய வழி ஒன்றுகூட மிச்சமில்லை. உன் மாவுப்பையை என் இடுப்பில் கட்டினேன். முடிச்சுப் போட்டேன். அவர் அதை இழுத்துப் பார்த்தார், நானும் அவர் இடுப்பில் கயிற்றைப் பிடிக்கும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். “ஒன்னுக்கு ரெண்டு தரம் பாருங்க” என்றார். இரண்டாம் தரமும் பார்த்தேன்.

பாதி வழியில் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. பதினொரு மாதத்தில் விரல்கள் மெத்தென்று ஆகிவிட்டன, ஒவ்வொரு பிடியும் கத்தி. கீழே பார்க்காமல் ஏறினேன். மாவுக்குப் பைக்குள் கையை விட்டால் அந்தக் கட்டிகள்தான் தட்டுப்பட்டன, விரலால் நசுக்கி நசுக்கிப் பூசிக்கொண்டேன். உச்சிப் பிடியைத் தொட்டபோது முட்டி தையல் மிசினாகிவிட்டது. கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். பல்லிதான்.

கீழேயிருந்து ரியாஸ் நானாவின் குரல் வந்தது. “இரிங்க தங்கச்சி! இரிங்க!”

என் காது அதைப் பொறு என்றுதான் முதலில் கேட்டது. இத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் கேட்டது, என் காது அப்படிப் பிறந்த காது. கை பிடியை இன்னும் இறுக்கியது. முன்னங்கை எரிய, மூச்சு முட்ட, அப்படியே பொறுத்துக்கொண்டு நின்றேன். பிறகு உன்னைப் போலத் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தேன், யாருடைய வாய் என்று. கொழும்பு வாய். உங்கள் ஊர் வாய்.

“இருக்கிறன்!” என்று கத்தினேன். எங்கள் ஊர் ‘இருக்கேன்’ இல்லை, உன்னுடையது.

இரண்டு கைகளையும் விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது.

“இறக்கவா?” என்று கேட்டார்.

“வேண்டாம் நானா. கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்.”

அவர் கயிற்றைப் பூட்டிக்கொண்டு நின்றார், எத்தனை நேரம் என்று கேட்கவில்லை. நான் அங்கேயே இருந்தேன்.